மருத மரத்தடியில் நின்ற கார்

“வெள்ளிக்கிழமை தவறாம அதே மருத மரத்தடியிலதான் காரு நிக்குது. இது எஞ்சின் கோளாறா தம்பி? பேய்க் கோளாறு!”

வடிவம்மாள் சொன்னதைக் கேட்டு துல்கர்னைன் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. தென்காசியில் கார்களுக்கு ஒயரிங் பார்ப்பவன் அவன்.

“பேயாவது, பிசாசாவது! சாரல் தண்ணி பட்டு நிக்குது. இதுக்கு ஒரு ஆளைக் கூப்பிடணுமாக்கும்?” என்று எரிந்து விழுந்தார் அவள் கணவர், அரிசி மில் முதலாளி சிவசுப்பிரமணியன்.

“நாளைக்கு நீயும் ஏறு தம்பி. உன் கண்ணால பாரு,” என்றாள் அவள், கணவர் பக்கம் திரும்பாமலே.

மறுநாள் சாயங்காலம் குற்றாலம் கோயிலுக்குக் கிளம்பினார்கள். முதலாளியே ஓட்டினார். பக்கத்தில் துல்கர்னைன். பின் சீட்டில் வடிவம்மாள், இரண்டு பக்கமும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு.

மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ரோட்டோர மரங்கள் மூட்டத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன.

“வந்துட்டு...” பின்னாலிருந்து ஒரு முனகல். “அங்கன பாக்காத தம்பி. கையில பிள்ளையோட ஒருத்தி நிப்பா.”

சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் அடங்கிப் போனது. திணறல் இல்லை, விக்கல் இல்லை. குரல்வளையைப் பிடித்த மாதிரி ஒரே அடியாக. கார் சத்தமில்லாமல் உருண்டுபோய் மரத்தடியில் நின்றது.

ஹெட்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

துல்கர்னைன் இறங்கிப் பானட்டைத் தூக்கினான். முதலாளியும் இறங்கி வந்தார். லைட் எரிகிறது, பேட்டரியில் குறையில்லை. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குப் போகிற கரண்ட் மட்டும் வரவில்லை.

“மொதலாளி, சாவியைத் திருப்புங்க.”

நிமிர்ந்து பார்த்தான். அவர் இமைக்காமல் ரோட்டுக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனும் திரும்பினான்.

மூட்டத்துக்குள் ஒரு பெண். தலையில் முக்காடு. இடுப்பில் பிள்ளை. அவள் கூப்பிடவும் இல்லை, அசையவும் இல்லை. பிள்ளை மட்டும் இவர்களைப் பார்த்து மெல்லக் கையை ஆட்டியது.

“யா அல்லா!” என்றான் துல்கர்னைன்.

காருக்குள்ளிருந்து “கந்தா, கடம்பா” என்று முணுமுணுப்பு கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். துல்கர்னைன் எதையுமே தொடவில்லை. கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது! உள்ளே லேசாக ஏதோ கருகிய வாடை.

அன்று ராத்திரி துல்கர்னைனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் எஞ்சினை அணைத்த பேய் ஏன் ஹெட்லைட்டை அணைக்கவில்லை?

காலையில் கார் நிற்கிற மில் ஷெட்டுக்குப் போனான். காயிலில் ஆரம்பித்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால் அது நேரே சாவிக்குப் போகாமல் கீழே இறங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓடியது. சீட்டைத் தூக்கினான்.

வீட்டு விளக்குக்குப் போடுகிற சாதாரண சுவிட்ச் ஒன்று; அதைத் தட்டினால் எஞ்சின் மட்டும் அணையும். அதன் ஒயர் கருகி, சீட்டுக்குள் இருந்த தேங்காய் நாரும் ஓரத்தில் பொசுங்கியிருந்தது.

“அதைத் தொடாத வே!”

பின்னால் முதலாளி.

“இப்படியே விட்டா உங்க சீட்டே தீப்பிடிச்சிரும் மொதலாளி. யாரு வச்சது இதை?”

“நான்தான். எனக்குத் தெரிஞ்ச மாதிரி வச்சேன்.” வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். “நேத்து நீ பாத்தது பேயில்ல. எம் மக குழல்வாய்மொழி. அந்த மரத்துக்கு எதுத்தாப்லதான் அவ வீடு. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டான்னு அவ அம்மா தலைமுழுகிட்டா. ‘அவ வாசல்ல நீங்க கால் வச்சா என்னை உசிரோட பாக்க மாட்டிய’ன்னு சத்தியம் வாங்கிட்டா.”

துல்கர்னைன் சீட்டைக் கீழே இறக்கி வைத்தான்.

“நான் கால் வைக்கலியே வே. காருதான நிக்குது? இவளுக்குத் தெரிஞ்சா பேரப்பிள்ளை முகத்தை நான் பாக்கவே முடியாது. ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிரு.”

பெற்ற வயிறு இப்படியுமா கல்லாகும்! மனசுக்குள் வைதுகொண்டே துல்கர்னைன் வீட்டுக்குள் போனான்.

“எல்லாம் பாத்துட்டேன் ஆச்சி. ஒண்ணும் பிடிபடல. நீங்க சொன்ன மாதிரி பேய்தான் போலுக்கு.”

வடிவம்மாள் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். கணவர் வரவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பேய் எந்த ஊர்ல தம்பி ஒயரைக் கருக்குது? கொஞ்ச நாளா அந்த வாடை அடிக்கு. அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக் கூடாதேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராத. விட்ட சொல்லை நான் எப்படித் திரும்ப வாங்க?”

மறுபடி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

“நல்ல ஒயரா மாத்திப் போடு. சுவிட்சை மட்டும் எடுத்திராத தம்பி. அவரு ரோட்டுல நின்னும், நான் திரை இடுக்கு வழியாவும், நாங்க ரெண்டு பேரும் பிள்ளையைப் பாக்கதுக்கு வேற வழி இல்ல.”