தாச்சிச் சோதனை

"உங்களுக்குச் சத்தம் கேட்டா, மச்சாள், பிள்ளை திரும்பாட்டியும் திரும்பின மாதிரித்தான் தெரியும். மனம் சாயும்."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் நிலோஜன் என் காதுக்குள் பஞ்சை அடைத்தான். போதாததற்கு அதன்மேல் தன்னுடைய ஹெட்போனையும் மாட்டிவிட்டான்.

அவன் என் தங்கச்சி விதுர்ஷாவின் புருசன். ஏ.எல். பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். படிப்பிக்கிறதை வகுப்போடு விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை.

சேலையால் கட்டிய திரைக்கு முதுகைக் காட்டி விதுர்ஷா இருந்தாள். மடியில் பத்து மாதப் பிள்ளை, அவன் இடுப்புக்குக் கீழே துவாய் மூடியிருந்தது. நான் அவர்களுக்கு முன்னால்.

கொழும்பில் காதுக் கிளினிக்குக்கு அடுத்த கிழமை திகதி கிடைத்திருந்தது. நாய்படாப் பாடு பட்டு எடுத்த திகதி. இந்த வயசுக்குள் மெஷின் வைத்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நிலோஜனின் தாய்க்கு அந்தக் கதையே பிடிக்கவில்லை. எங்கள் மாமா ஒருவர் வாய்பேசாதவர். எங்கள் ஊர்களில் வம்சக் குடி தாய்வழியே வருகிறது, குறையும் அப்படித்தானாம். பிள்ளைக்குக் காது கேட்காதென்றால் பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டில் இருக்கமாட்டேன், தாயின் ஊர் களுதாவளைக்கே போய்விடுவேன் என்று நிலோஜனும் விதுர்ஷாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுடையது. போகிறதென்றால் புருசனுக்கு ஒரு பை போதும்.

"முதல்ல காது கேக்காது எண்டு எடுப்பம்" என்று எங்களுக்கு விளங்கப்படுத்தியிருந்தான். "பிள்ளை திரும்பிறதெல்லாம் தற்செயல். அது பிழையெண்டு காட்டினாத்தான் கேக்குதெண்டு நான் ஒத்துக்கொள்ளுவன்."

சூனியக் கருதுகோளாம். பெற்ற தகப்பன் எங்கேயிருந்து தொடங்குகிறான் பாருங்கள். அவன் கையில் இருந்த, பொரிக்கிற இரும்புத் தாச்சியைப் பறித்து அவன் தலையிலேயே போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

தாச்சியோடு திரைக்குப் பின்னால் போனான். பத்து முறை காசைச் சுண்டுவான். தலை விழுந்தால் தாச்சியில் அகப்பைக் காம்பால் அடிப்பான். பூ விழுந்தால் சும்மா நிற்பான். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் திரைக்கு மேலால் எனக்குக் கை காட்டுவான். பிள்ளையின் தலை திரும்பினால் நான் கை தூக்க வேண்டும்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினான். அடுத்த முறை திரும்பவில்லை. மறுகா திரும்பினான். பத்தும் முடியும்போது உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கிவிட்டான்.

நிலோஜன் திரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தான். என் காதிலிருந்து ஹெட்போனையும் பஞ்சையும் அவனே எடுத்தான். அடித்த நேரமெல்லாம் பிள்ளை திரும்பியிருக்கிறான், அடிக்காத நேரம் ஒருக்காலும் இல்லை. தற்செயலாய் இப்படி வருவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்காம்.

"பாருங்க, சத்தத்துக்குப் பயந்து அழுறான்" என்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷம், பாவம் என்று நான் அவனை மன்னித்தும்விட்டேன்.

போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான். கிளினிக்கோடுதான் கதைத்தான். எங்களுக்கு இனித் தேவையில்லை, அந்தத் திகதியை வேறு ஆருக்கும் குடுங்க என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. மூத்திரம் போயிருப்பான் என்று தூக்கித் துவாயை விலக்கினேன்.

இரண்டு தொடையிலும் நகம் பதிந்து கன்றிப்போய்க் கிடந்தது.

என் காதை அவ்வளவு கவனமாய் அடைத்தவன், பிள்ளையை மடியில் வைத்திருந்தவளின் காதை அடைக்கவில்லை.

"அடியே, இவன் பேசாமலே வளர்ந்தா?"

விதுர்ஷா என்னைப் பார்க்கவில்லை. "அவர் போனா நான் என்ன செய்யிற அக்கா?"

இவளைக் காட்டிக் கொடுத்தால் அவன் இன்றைக்கே போய்விடுவான். கொடுக்காவிட்டால் பிள்ளையின் பேச்சு போய்விடும். வாயைத் திறப்பதற்குள் நிலோஜன் சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"இன்னொருக்காச் செய்வம். வீடியோ எடுத்து அம்மாக்கு அனுப்ப வேணும்."

விதுர்ஷா என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

அவள் மடியில் இருத்தியதுமே பிள்ளை வீரிட்டு அழுதான். தாச்சியை இன்னும் யாரும் தொடவே இல்லை.