எதிர்காத்து

“மஸ்கட்டுல இருந்து திருவனந்தபுரம் வர பிளைனுக்கு ஒன்பது மணி நேரமா? யாருக்குக் காது குத்துகிய?”

ஏர்போர்ட்டில் இருந்து புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து காரை விட்டு இறங்கிய பெபிஷாவுக்கு நாத்தனார் புருஷன் செல்வன் தந்த வரவேற்பு இதுதான். அருமனை வீட்டு முற்றம் நிறைய சொந்தக்காரர்கள். நடுவில் நாற்காலியில் மாமியார் இசபெல்.

ரெண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்த புருஷன் ஆன்ட்ரூஸ், பக்கத்தில் அசடு வழிய நின்று தலையைத் தடவினான். தலை இன்னும் காயவில்லை.

செல்வன் போனைத் தூக்கிக் காட்டினான்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். மூணரை மணி நேரமாக்கும். மத்தியானமே எறங்கியாச்சு. பொறவு எங்க போனிய?”

போனது திற்பரப்புக்கு. அருவியில் குளித்துவிட்டு, பொரிச்ச மீனும் சோறும் தின்றுவிட்டு, கோதையாற்றைப் பார்த்தபடி ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் கால் வைத்தால் ஆன்ட்ரூஸ் ஊருக்குச் சொந்தம். போன லீவில் அவள் பங்குக்குக் கிடைத்தது அவனுடைய குறட்டை மட்டும்தான்.

அதனால்தான், “பிளைன் வந்துசேர ஒன்பது மணி நேரம் ஆகும் மாமி” என்று ஒரே போடாகப் போட்டிருந்தாள். “அம்புட்டுத் தூரமா மக்கா!” என்று மாமியாரும் கன்னத்தில் கை வைத்து நம்பினாள்.

“பெத்த தாய் காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம காத்துக் கெடக்கா. அவளை ஏமாத்த எப்பிடி மனசு வந்து?” செல்வன் விடுவதாக இல்லை. யாரோ ஒரு சித்தி மூக்கைச் சிந்தினாள்.

இசபெல் எழுந்தாள்.

“மருமகனே, உமக்க போன்ல காத்து காட்டுமா?”

“என்ன காத்து மாமி?”

“எதிர்காத்து. நான் கடப்புறத்துல பொறந்தவ. எதிர்காத்துல வள்ளமே ஊர்ந்துதான் வரும். பிளைன் பின்ன எப்பிடி வரும்? பிள்ளைக்க தலையைப் பாரும், மேகத்துக்குள்ள நனைஞ்சு வந்திருக்கான்!”

செல்வன் வாயைத் திறந்தான்.

“வாயைச் சோத்துக்குத் தெறந்தா போதும். விளம்பியாச்சு, எல்லாரும் வாங்க.”

அடுக்களையில் பெபிஷா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “மாமி... மன்னிச்சிருங்க. உங்ககிட்டப் பொய் சொன்னது தப்புதான்.”

இசபெல் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

“பொய் சொன்னது தப்பில்ல ஏட்டி, கொறச்சுச் சொன்னதுதான் தப்பு. உனக்க மாமனார் அதே மஸ்கட்டுல இருந்து வரும்போ, ‘பம்பாயில பிளைன் மாறணும்’னு எனக்க மாமியாருட்ட சொல்லிட்டு, நான் ரெண்டு நாள் கழிச்சாக்கும் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்!”