மடக்குக்கத்தியின் பிடி

"இன்னைக்கும் கை கொப்பளம் போட்டிருச்சுங்க" என்று சிவநந்தினி சொன்னதும் கணவன் லோகேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்ட வேலையில் அவள் செடியிலிருந்து கத்தரிக்காய் வெட்டும் மடக்குக்கத்தியின் பிடியை மூன்று தடவை அராவி, விரல் பதியப் பள்ளமும் எடுத்துக் கொடுத்திருந்தான்.

"என் கைக்குக் கச்சிதமா இருக்கே! வீட்டுல பிடிச்சுப் பார்த்து நீயும் நல்லா இருக்குன்னுதானே சொன்னே?"

மறுநாள் த்ரீவீலரை எடுத்துக்கொண்டு நாவுல ஊரில் அவள் வேலை செய்யும் தோட்டத்துக்கே போய்விட்டான். சிவநந்தினி குனிந்து மளமளவென்று காய் வெட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால்.

"இதை ஏன்டி இத்தனை நாளா சொல்லல?" என்று கத்தினான்.

அவள் சட்டென்று கத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கல்யாணமான புதுசுல, பீச்சாங்கையால சோறு போட்டேன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சீங்களே. அதுலேருந்து உங்க முன்னாடி எல்லாத்துக்கும் இந்தக் கைதாங்க."