ஆடு தாண்டிய இடம்

“ஃபோனை எடுங்க. ப்ரஹ்லாத்தான். எடுக்கலேன்னா தேட ஆரம்பிச்சிடுவான்” என்றாள் நிருபமா.

கணேசமூர்த்தி காரை ஓரங்கட்டினார். கனகபுராவைத் தாண்டி, சாலையின் இரு பக்கமும் மல்பெரித் தோட்டங்கள் விடிகாலை மழையில் நனைந்து கிடந்தன.

“ஆமாண்டா... பழைய சிநேகிதர் ஒருத்தர், நிச்சயதார்த்தத்துக்கு நேர்ல கூப்பிடலாம்னு வந்தேன்... சாயங்காலம் வந்துடுவேன்.”

அவர் ஃபோனை வைத்ததும் நிருபமா சிரித்தாள். “அறுபது வயசாகியும் உங்களுக்குப் பொய் சொல்ல வரலை.”

“நீ பக்கத்துல உட்காந்துக்கிட்டுச் சிரிச்சா எப்படி வரும்?”

சங்கமத்தில், அர்க்காவதி காவிரியோடு சேரும் இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் பரிசலில் ஏறினார்கள். நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது.

“ஸார், அம்மாவ்ர கை ஹிட்கொள்ளி!” என்று பரிசல்காரர் குரல் கொடுத்தார்.

கணேசமூர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை வந்த பிறகும் விடவில்லை.

அங்கிருந்து ஒரு லொடலொட பஸ் காட்டு வழியே குலுக்கிக்கொண்டு போய் அவர்களை மேக்கேதாட்டில் இறக்கிவிட்டது. இருவரும் பாறைகளில் மெல்ல இறங்கினார்கள். அவ்வளவு அகலமாக வந்த காவிரி, அங்கே ஒரு பிளவுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஓடியது. அதன் இரைச்சல், கேட்கக் கேட்கத் தாலாட்டைப் போல இருந்தது. தண்ணீர் குடைந்து குடைந்து பாறைகளெல்லாம் கிண்ணம் கிண்ணமாக ஆகியிருந்தன. ஒரு கிண்ணத்தில் தேங்கிய நீரில் வெள்ளை மேகம் ஒன்று அசையாமல் நின்றது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

“கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது.”

“கன்னடத்துல மேக்கேன்னா ஆடு, தாட்டுன்னா தாண்டறது. புலி துரத்தினப்போ ஒரு ஆடு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குத் தாண்டிடுச்சாம்.”

நிருபமா எதிர்க்கரையையே பார்த்தாள். “நமக்கும் அந்தக் கரை இவ்வளவு பக்கத்துலதான் இருந்துச்சு.”

அவர் கிண்ணத்து நீரில் விரலை விட்டு மேகத்தைக் கலைத்தார். பிறகு, “பசங்ககிட்ட சொல்லியிருக்கலாமோ?” என்றார்.

“எப்படிச் சொல்றது? நாம வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க கல்யாண விஷயத்தைச் சொல்லிட்டாங்க. லாவண்யா முகத்தைப் பாத்தீங்கல்ல? அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரலை.”

“தெரிஞ்சா, ப்ரஹ்லாத் கல்யாணமே வேண்டாம்னுடுவான்.”

“அதனாலதான் தெரியவே வேண்டாம்கறேன்.”

“நீ தாங்குவியா?”

“தனியா இருக்கறது எனக்குப் பழகினதுதானே? நீங்க மாத்திரையை மறக்காம போட்டுக்குங்க. பேரன் பேத்தி வந்துட்டா, நேரம் போறதே தெரியாது.”

அவள் அவர் தோளில் சாய்ந்தாள். பிளவிலிருந்து எழுந்த நீர்த்துளிகள் புகைபோல மேலே வந்து, இருவர் முகத்திலும் படிந்து, வெயிலில் காய்ந்தன. எந்த ஊர், என்ன கிழமை என்பதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது. மேலே பஸ் ஹார்ன் அடித்தது. இருவரும் அசையவில்லை. மறுபடி அடித்தது.

“இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மல்லேஸ்வரம் வந்து சேர்ந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொல்லி நிருபமா இறங்கினாள். புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, ஜன்னல் பக்கமாகக் குனிந்தாள்.

“ஞாயித்துக்கிழமை நேரத்தோட வந்துடுங்க. மாப்பிள்ளையோட அப்பா லேட்டா வந்தா, பொண்ணோட அம்மா நான் எல்லாருக்கும் என்ன பதில் சொல்றது?”

இரண்டு வருடமாக ‘நீ’ என்றே கூப்பிட்டு, வரும் தை மாதம் கைப்பிடிக்க இருந்தவளை நிமிர்ந்து பார்க்காமல் கணேசமூர்த்தி சொன்னார்:

“வந்துடறோம். நீங்க கவலைப்படாதீங்க, சம்பந்தி.”