கிணற்றில் வந்த நிறம்

"இப்ப என்னாபா சொல்ற கண்ணாயிரம்? கெணறே சொல்லிடுச்சு பாரு!"

தெருக் கிணற்றில் இறைத்த வாளியைத் தூக்கிக் காட்டினார் வேலாயுதம். காலை வெயிலில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில், எழுபதாம் வருஷத்திலும் முனிசிபல் குழாய் எட்டிப் பார்க்காத நெசவாளர் தெரு அது. குடிதண்ணீருக்கு அந்தக் கிணறுதான் கதி. தெருக்கோடியில் கண்ணாயிரத்தின் பட்டுச் சாயப் பட்டறை. பட்டறைக் கழிவு கிணற்றில் இறங்குகிறது என்று தெரு சொல்ல, இல்லவே இல்லை என்று அவர் சாதிக்க, ஒரு வருஷமாக வாய்ச்சண்டை. கடைசியில் இரண்டு தரப்பும் கூடிப் பேசி, நிலத்தடி நீர் அதிகாரி சந்திரநாதனை அழைத்து வந்தார்கள்.

நான்கு நாளுக்கு முன் அவர் எல்லோர் கண்ணெதிரிலும் பட்டறையின் கழிவுக் குழியில் செங்கல் நிறப் பொடி ஒன்றைக் கொட்டினார்.

"இதைக் குடிச்சாலும் ஒண்ணும் செய்யாது. எப்பவும்போல தண்ணி எடுத்துக்குங்க. இது கிணத்துல தலை காட்டினா, கழிவும் வருதுன்னு அர்த்தம்."

வந்தால் கண்ணாயிரம் பட்டறையை மூடுவது, வராவிட்டால் தெரு வாயை மூடுவது என்று ஒப்பந்தம்.

இன்று வந்துவிட்டது.

"பச்சப்புள்ளைங்க குடிக்கிற தண்ணிபா! மனசாட்சி இருக்குதா உனக்கு?" வேலாயுதம் கொதித்தார். தெருவுக்குத் தலைவர், கோபப்பட அவருக்கில்லாத உரிமையா? கூட்டமும் சேர்ந்துகொண்டது. திருடனில் ஆரம்பித்த வசவு கொலைகாரன் வரை போய்விட்டது.

கண்ணாயிரம் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பட்டறையை நம்பி ஆறு குடும்பம். "பேசினபடி மூடிடறேன்" என்றார்.

தகவல் கேட்டு வந்திருந்த சந்திரநாதன் ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூட வேணாம். என் பொடி பாக்கத்தான் சிவப்பு. தண்ணியில கரைஞ்சா பளிச்சுனு பச்சை. கழிவு வந்திருந்தா அதோட பச்சையும் வந்திருக்கணும். இதுல பேருக்குக்கூட இல்ல."

"அப்போ இது?"

"யாரோ பட்டுச் சாயத்தை நேரா கிணத்துல கொட்டியிருக்காங்க."

கொலைகாரன் என்று கத்தியவர், கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது கிடக்கட்டும். என் பொடிதான் ஒண்ணும் செய்யாது, சாயம் வயித்துக்கு ஆகாது. இந்தத் தண்ணியை யாராவது குடிச்சீங்களா?"

"ஐயோ!" என்று அலறினாள் ஜெயம்மாள். "இருட்டோட வந்து ரொப்பிக்கினு போனேனே, நெறம் தெரியலியே! புள்ளைக்கு அதத்தான் குடுத்தேன். வயித்து வலின்னு துடிச்சிக்கினு கெடக்குது!"

கண்ணாயிரம் யோசிக்கவே இல்லை. "புள்ளைய தூக்கிக்கினு வாம்மா" என்று சைக்கிளை எடுத்தார். தாயையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்ற தெருவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி, பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்தார்கள். தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் குழந்தைகள் அழுதன.

அழுகைச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள் வேலாயுதத்தின் மனைவி கன்னியம்மாள். என்ன நடந்தது என்று தெரியாது. தண்ணீர் கெட்டுவிட்டது என்பது மட்டும் காதில் விழுந்திருந்தது. இரக்க சுபாவம் அவளுக்கு.

"ஏன்டி புள்ளைங்கள அழ வுடறீங்க? எங்க வீட்ல அண்டா நெறைய நல்ல தண்ணி இருக்குது, வந்து மொண்டுக்கினு போங்க. 'நாளைக்குக் கெணத்துப் பக்கமே போவாத, இன்னிக்கே ரொப்பி வெச்சிடு'ன்னு நேத்தே இவரு சொல்லிட்டாரு!"