சாதி நாய்

வெயில் இறங்குவது தெரிய வேண்டும் என்று மாமா மயில்வாகனத்தின் கொட்டில் முற்றத்தில் கதிரையை மேற்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பொழுதுபட முன்னம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் எழும்பவில்லை. ஒரு பதிலுக்காகத்தான் துணுக்காயின் மற்ற அந்தத்திலிருந்து வரம்பு வரம்பாக நடந்து வந்திருந்தார்.

அவருடைய மகள் இராசேஸ்வரியை மயில்வாகனம் கட்டுவானா, மாட்டானா?

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நினைத்தது. மாமன் மகள். தொட்டிலில் கிடந்தபோதே அவனுக்கென்று பேசி வைத்த பெண். அந்தக் குடும்பத்தில் வெளியே கொடுத்ததும் இல்லை, வெளியே எடுத்ததும் இல்லை. காணி கைமாறாது என்று அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

அவனுக்கும் அவள்மேல் உயிர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, தன்னந்தனியே கஞ்சி காய்ச்சிக் குடித்த காலமெல்லாம், அவள் ஒருநாள் வந்து அந்த அடுப்பை மூட்டுவாள் என்ற நினைப்பில்தான் ஓடியது.

இப்போதைக்குத் துணை ஒரு நாய். குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன செந்நிறச் சாதி நாய். ரோசி என்று பெயர். பன்றிக் காவலுக்கு இனி என்ன குறை என்று அயலவர்களுக்குப் பொறாமை.

காவலும் மண்ணாங்கட்டியும். வெயில் அடங்கி மைமல் பொழுதானால் ரோசி வாசலை விட்டு அசையாது. ஆளைப் போலத்தான் நாயும் என்று சிரித்தார்கள். மயில்வாகனமும் இராக்காவலுக்கு ஒருநாளும் பரணேறியவன் அல்ல. வெளிச்சம் மங்க முன்னமே வேலிப் படலையைக் கட்டிவிடுவான். பயந்தாங்கொள்ளி என்ற பெயரை அவன் மறுக்கவும் இல்லை.

போன கிழமை மாடுகளுக்கு ஊசி போட வந்த மிருக வைத்தியர், ரோசியின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

"மாலைக்கண். போகப் போகப் பகலிலையும் தெரியாது. சாதி கெடக்கூடாதெண்டு ஒரே இரத்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து எடுத்த குட்டியள். இதைக் குட்டி போட விடாதேங்கோ."

அன்றைக்கு அவன் அடுப்பு மூட்டவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டு கிடந்தான். பொழுதுபட்ட பிறகு தண்ணீர் அள்ளப் போய்க் கிணற்றில் விழுந்த அம்மா. கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னவர் இந்த மாமாதான். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"என்ன தம்பி, அவளைக் கட்டுறியோ இல்லையோ?" என்று மாமா திரும்பவும் கேட்டார்.

"வேண்டாம் மாமா. இராசேஸ்வரியை வெளியில எங்கயாவது குடுங்கோ."

இனி இந்தக் கொட்டிலில் அவனும் நாயும்தான்.

மாமா கோபப்படவில்லை. வாசலால் இறங்கிய ரோசி தண்ணீர்ச் சட்டியில் முகத்தை இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி இருந்தார்.

"வெளியில ஆர் எடுப்பினம்? விளக்கு வைக்கிற நேரத்தில குசினிக்குப் போக அவளுக்கு ஒரு கை வேணுமடா."

பிறகு எழும்பி நடந்தார். அயல் வயலில் ஆட்கள் இன்னும் கதைத்துக்கொண்டு களை பிடுங்கினார்கள். அவர்களுக்கு அது இருட்டே இல்லை. வேலிக் கதியாலைத் தடவிக்கொண்டே போன மாமாவின் செருப்புச் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

"தம்பி, படலை எதில எண்டு தெரியேல்லை. ஒருக்கா வந்து கையைப் பிடிச்சு விடு."

மயில்வாகனம் எழுந்தான். மாமாவின் குரல் வந்த பக்கமாக, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு, காலால் நிலத்தைத் தடவித் தடவி நடந்தான்.