தலைமாட்டுக்கு வா

தண்ணீருக்குள் வந்ததும் அவன் கனம் போய்விட்டது.

அக்குளுக்கடியில் தாங்கியிருந்த கைகளை அவள் மெல்ல எடுத்தாள். அவன் முங்கவில்லை. மல்லாந்து மிதந்தான்.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. தூக்குவது, புரட்டுவது, கழுவித் துடைப்பது எல்லாம் அவள்தான். அவன் கால்களை ஏதோ சாமானைப் போல எடுத்து எடுத்து வைப்பாள். வெறுப்பில்லை. நேரமில்லை.

கடலைப் பார்க்க வேண்டும் என்றது அவன். பார்ப்பதென்ன, இறங்கியே குளிக்கலாம் என்றது அவள். ஆட்டோக்காரர் இருளப்பன் அவனைத் தூக்கிவந்து நெஞ்சளவு ஆழத்தில் விட்டுவிட்டுக் கரையேறியிருந்தார்.

கைகளால் துழாவினான். நகர்ந்தான்.

அவள் சிரித்தாள்.

பிறகு அலறினாள்.

முழங்கைக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தது போலிருந்தது. பக்கத்தில் பாலித்தீன் பை மாதிரி ஒன்று மிதந்து போயிற்று. அடியில் நூல் நூலாகத் தொங்கியது.

"சொறிமுட்டை! ஏறி வாங்க, ஏறி வாங்க!" இருளப்பன் கரையிலிருந்து கத்தினார்.

ஒன்றல்ல. ஆழத்திலிருந்து ஜெல்லி மீன் கூட்டமே வந்துகொண்டிருந்தது.

"நீ போ, ராக்கு."

"ஒங்கள விட்டுட்டா? கிறுக்கா ஒங்களுக்கு?"

அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கடிபட்ட கை மரத்துப்போய் நழுவியது.

அவன் கடலைப் பார்த்தான். தன் கால்களைப் பார்த்தான்.

"அப்ப என் தலைமாட்டுக்கு வா. கரையப் பாத்து நட. திரும்பாத."

அவள் நடந்தாள். அவன் மல்லாந்தபடியே கைகளால் நீரைத் தள்ளி அவள் பின்னால் நீந்தினான். கால்கள் கடல் பக்கம் கிடந்தன. எந்தப் பக்கம் ஒன்று நெருங்கினாலும் அந்தப் பக்கம் கால்கள் போகும்படி உடம்பைத் திருப்பினான்.

நூல்கள் அவன் கெண்டைக்காலில் சுற்றின. தொடையில் சுற்றின.

அவன் பார்த்துக்கொண்டே நீந்தினான்.

அவள் திரும்பவில்லை.

இருளப்பன் ஓடிவந்து அவனை அள்ளி மணலில் கிடத்தினார். ஃப்ரைட் ரைஸ் கடையிலிருந்து வினிகர் பாட்டிலை வாங்கிவந்து அவன் கையில் திணித்தார். "ஊத்துங்க. வண்டிய எடுத்தாறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்று ஓடினார்.

அவன் அவள் கையைப் பிடித்து ஊற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கோடுதான். சிவந்து தடித்திருந்தது.

"கொறையுதா?"

தலையாட்டினாள். அப்போதுதான் அவன் கால்களைப் பார்த்தாள்.

சாட்டையால் அடித்தது போல, தொடையிலிருந்து பாதம் வரை தடிப்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக.

பாட்டிலைப் பிடுங்கினாள். மிச்சம் மொத்தத்தையும் ஊற்றினாள். கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்தாள்.

அந்தக் கால்களைப் பற்றி அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மடியின் சூடுகூட.

"ஆமா" என்றான்.

அவள் குனிந்து ஊதத் தொடங்கினாள்.